எக்ஸ்ரேயும் ஸ்லைடும் ஒரே மேசைக்கு வந்த கதை

விரல் எலும்புக்குள் வளர்ந்த ஒரு குருத்தெலும்புக் கட்டியின் திசுவையும், இடுப்பெலும்பில் வளர்ந்த இன்னொரு குருத்தெலும்புக் கட்டியின் திசுவையும் அடுத்தடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால், சில நேரம் எது எதுவென்று சொல்ல முடியாது. இரண்டிலும் செல்கள் நெருக்கமாகக் கிடக்கும். உட்கருக்கள் சற்றுப் பருத்துத் தெரியும். விரலில் வந்ததைச் சுரண்டி எடுத்துக் கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அநேகமாக அதோடு முடிந்தது. இடுப்பில் வந்தது புற்று. எலும்பின் ஒரு பகுதியையே அகற்ற வேண்டியிருக்கும். கண்ணாடித் துண்டில் ஒட்டியிருக்கும் செல்லுக்குத் தான் எந்த எலும்பிலிருந்து வந்தோம் என்று சொல்லத் தெரியாது. அதைச் சொல்வது எக்ஸ்ரே.

எக்ஸ்ரே தனியாக நின்றாலும் இதே கதிதான். வளரும் கட்டி எலும்பின் மேலுறையைத் தூக்கும்போது அதன் ஓரத்தில் முக்கோண வடிவில் புது எலும்பு படியும். மருத்துவ மாணவர்கள் இதைக் ‘காட்மன் முக்கோணம்’ என்று படிக்கிறார்கள். எலும்புப் புற்றிலும் அது வரும், சீழ் பிடித்த எலும்பிலும் வரும். படத்தை மட்டும் நம்பினால் சீழ் வடிக்க வேண்டிய காலைப் புற்றென்று நினைக்கலாம். புற்றுக்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுத்துக்கொண்டும் இருக்கலாம்.

படம் பார்ப்பவரும் திசு பார்ப்பவரும் கலந்து பேசித்தான் சில நோய்களுக்குப் பெயர் வைக்க முடியும் என்பது இன்று யாருக்கும் இயல்பாகவே தோன்றும். அது தானாக வந்த வழக்கமில்லை. ஸ்டெதஸ்கோப்பைப் போல, அனஸ்தீசியாவைப் போல, அதற்கும் ஒரு பிறப்பு உண்டு. அந்தக் கதையில் பெர்லினும் பாஸ்டனும் நியூயார்க்கும் வருகின்றன. மலைக்கோட்டை நிழலில் இருக்கும் ஒரு திருச்சிக் கல்லூரியும் வருகிறது.

இரண்டு துறைகளும் வெவ்வேறு வீட்டில் பிறந்தவை. நோய்க்குறியியல் பிணவறையில் பிறந்தது. இறந்தவரின் உடலைத் திறந்து, எந்த உறுப்பு கெட்டிருக்கிறது என்று கண்ணால் பார்த்ததில் தொடங்கி, 1858-இல் ருடால்ஃப் விர்கோ நோயைச் செல்லுக்குள் தேடச் சொன்னபோது அது நுண்ணோக்கியை இறுகப் பற்றிக்கொண்டது. கதிரியக்கத் துறை இயற்பியல் ஆய்வகத்தில் பிறந்தது. 1895 நவம்பர் 8 அன்று ரான்ட்கன் ஜெர்மனியில் எக்ஸ் கதிரைக் கண்டார். ஒன்றுக்கு ஃபார்மலின் வாசனை, மற்றொன்றுக்கு இருட்டறையின் ரசாயன வாசனை. ஒன்று உயிர் போன பிறகு பேசியது, மற்றொன்று உயிரோடு இருப்பவரின் நிழலைப் பிடித்தது. அதனால் மருத்துவமனைகளில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டடங்கள் அமைந்தன. சென்னைப் பொது மருத்துவமனைக்கு 1900-இலேயே எக்ஸ்ரே வந்துவிட்டது. கதிரியக்கத்துக்கென்றே பர்னார்ட் நிலையம் அங்கே 1934-இல் எழுந்தது. நாட்டிலேயே மூத்த கதிரியக்க நிலையங்களில் அது ஒன்று. அப்படிப் பெருமையோடு எழுந்த கட்டடமும் தனிக் கட்டடம்தான்.

நம் ஊர்ப் பக்கம் ‘எல்லாம் ஒரே கூரையின் கீழ்’ என்பது புது எண்ணமில்லை. காஞ்சிபுரம் அருகே திருமுக்கூடலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, 11-ஆம் நூற்றாண்டில் 15 படுக்கைகளோடு நடந்த ‘வீரசோழன்’ ஆதுலர்சாலையைச் சொல்கிறது. அதில் வைத்தியர் தனி, அறுவை செய்பவர் தனி, மூலிகை கொண்டுவருபவர்கள் தனி, நோயாளியைக் கவனிக்கும் பெண்கள் தனி. ஸ்ரீரங்கம் கோயிலிலேயே ஆரோக்கியசாலை இருந்தது. சிதைந்துபோன அதைப் புதுப்பித்துத் தன்வந்திரியை எழுந்தருளப் பண்ணியதைச் சகம் 1415, அதாவது கி.பி. 1493-ஆம் ஆண்டுக் கருடவாகன பட்டரின் கல்வெட்டு சொல்கிறது. தன்வந்திரி சந்நிதி இன்றும் இருக்கிறது. வேலையைப் பிரித்துக் கொடுப்பது ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தெரிந்திருந்தது. பிரித்த வேலைகள் ஒரு நோயாளியின் உடம்பில் மறுபடி எங்கே, யார் முன்னிலையில் கூடுவது என்பதுதான் 20-ஆம் நூற்றாண்டு வரை விடை காணாமல் கிடந்தது.

முதல் கூடல் பெர்லினில் நடந்தது. ஆல்பர்ட் சாலமன் என்ற அறுவை மருத்துவர், புற்றுக்காக அகற்றப்பட்ட மார்பகங்களை எக்ஸ்ரே எடுத்தார். பிறகு அதே திசுவை அறுத்து, மைக்ராஸ்கோப்பில் தெரிவதையும் படத்தில் தெரிவதையும் ஒப்பிட்டார். இப்படிச் சுமார் 3,000 மார்பகங்கள். முடிவுகளை 1913-இல் வெளியிட்டார். கட்டி எப்படிப் பரவுகிறது என்று படத்திலேயே ஓரளவு தெரிந்தது. கட்டிகளின் நடுவே நுணுக்கமான புள்ளிகளையும் கண்டார். அவை சுண்ணாம்புப் படிவுகள் என்பதும், கைக்குத் தட்டுப்படாத புற்றைக்கூட அவை காட்டிக்கொடுக்கும் என்பதும் பல பத்தாண்டுகள் கழித்தே உறுதியாயின. இன்றைய மேமோகிராம் அனைத்துக்கும் அந்த 3,000 மார்பகங்களே வேர். நிழலுக்கு அர்த்தம் கற்றுக்கொடுத்தது திசு. இந்த வரிசையை மறக்கக் கூடாது. படம் பார்ப்பவரின் கண்ணுக்குப் பின்னால் எப்போதும் திசு பார்க்கும் ஒரு பேதாலஜிஸ்டின் பாடம் இருக்கிறது.

சாலமன் யூதர் என்பதால் நாஜிகள் அவரது வேலையைப் பறித்தார்கள், முகாமில் அடைத்தார்கள். அவர் நெதர்லாந்துக்குத் தப்பி உயிர் பிழைத்தார். ஓவியரான மகள் ஷார்லட் சாலமன் 1943-இல் ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்டார். மேமோகிராம் பற்றிப் பேசும் இடத்தில் இந்தத் தந்தையின் பெயரையும் மகளின் பெயரையும் சேர்த்துச் சொல்வது கடமை என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே காலத்தில் அட்லாண்டிக்கின் அக்கரையில், பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், இரண்டு பேர் இரண்டு விதமாக யோசித்தார்கள்.

ஒருவர் ரிச்சர்ட் கேபட். 1910 வாக்கில் அவர் ஒரு வகுப்பு முறையைத் தொடங்கினார். இறந்துபோன ஒருவரின் நோய்க் கதையை மாணவர்கள் முன் வைப்பார்கள். ஒரு மருத்துவர் யோசித்து, என்ன நோய் என்று ஊகித்துச் சொல்வார். கடைசியில் பேதாலஜிஸ்ட் எழுந்து, உடலைத் திறந்தபோது கண்டதைச் சொல்வார். உலகம் முழுக்க மருத்துவக் கல்லூரிகளில் இன்றும் நடக்கும் சி.பி.சி. என்ற கூட்டம் இதிலிருந்து வந்தது. அருமையான பயிற்சிதான். ஆனால் அது ஒரு நம்பிக்கையையும் ஊன்றிவிட்டது: மற்றவர்கள் ஊகிப்பார்கள், விடை பேதாலஜிஸ்டின் கையில் இருக்கிறது.

இன்னொருவர் எர்னஸ்ட் காட்மன். முக்கோணத்துக்குப் பெயர் கொடுத்தவர் இவர்தான். எக்ஸ்ரே வந்த புதிதில் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் படம் எடுத்தவர். பிறகு அறுவை மருத்துவர். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட்டு, ஒரு வருஷம் கழித்து அவர் என்ன ஆனார் என்று பார்த்து எழுதி, பலித்ததையும் பலிக்காததையும் மருத்துவமனைகள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். சக மருத்துவர்களுக்கு அது பிடிக்கவில்லை. காட்மன் பெரிய மருத்துவமனையை விட்டு விலகினார், பகை சம்பாதித்தார், வருமானமும் குறைந்தது.

1920-இல் எலும்புப் புற்று கண்ட ஒரு நோயாளியை முன்னிட்டு அவர் ஒரு கேள்வியில் இறங்கினார். இந்த நோயிலிருந்து உண்மையிலேயே பிழைத்தவர்கள் நாட்டில் எத்தனை பேர்? அமெரிக்க அறுவை மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் பார்த்த நோயாளிகளின் விவரங்களைக் கேட்டார். நோய்க் கதை, எக்ஸ்ரே படம், திசு ஸ்லைடு எல்லாம் சேர்ந்து வர வேண்டும். வந்ததை ஒரு சிறு குழு பார்த்தது: காட்மன், பால்டிமோரில் ப்ளட்குட், நியூயார்க்கில் பேதாலஜிஸ்ட் ஜேம்ஸ் யூயிங். ‘எலும்புச் சார்கோமா பதிவேடு’ அப்படிப் பிறந்தது. படமும் ஸ்லைடும் நோயாளியின் பிற்காலமும் ஒரே கோப்பில், ஒரே எண்ணின் கீழ், திட்டமிட்டுச் சேர்ந்த இடம் இதுவே என்று துணிந்து சொல்வேன்.

கோப்பைத் திறந்ததும் சங்கடம் தொடங்கியது. ஒரே ஸ்லைடுக்கு நல்ல பேதாலஜிஸ்டுகளே வேறு வேறு பெயர் வைத்தார்கள். ‘குணமான எலும்புப் புற்று’ என்று பெருமையாக அனுப்பப்பட்ட சிலவற்றில் இருந்தது புற்றே இல்லை. யார் எந்தப் பெயரை எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று தெளிவுபடுத்தவே காட்மன் 1925-இல் ஒரு புத்தகம் எழுத வேண்டியிருந்தது. கேபட்டின் வகுப்பறை ஊன்றிய நம்பிக்கை இந்த மேசையில்தான் அசைந்தது. ஸ்லைடும் ஒரு சாட்சிதான். தீர்ப்பு அதற்கு அப்பால் இருக்கிறது.

யூயிங்கின் பெயரால் இன்று அழைக்கப்படும் கட்டியும் இந்தக் காலத்தில்தான் தனியாகப் பிரிந்தது. 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் முன்கை எலும்பில் கட்டி. வழக்கமான எலும்புப் புற்று ரேடியத்துக்கு அசையாது, இது சுருங்கியது. படமும் வேறு மாதிரி இருந்தது. நுண்ணோக்கியில் எலும்பையே உண்டாக்காத சின்னஞ்சிறு உருண்டைச் செல்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்து 1921-இல் அவர் அதை வேறொரு நோய் என்றார். அந்த நோய் இன்றும் ஏமாற்றக்கூடியதே. பள்ளிப் பிள்ளைக்குக் காய்ச்சலும் கால் வீக்கமுமாக வரும். விளையாட்டில் அடிபட்டதென்றும் எலும்பில் சீழ் என்றும் வாரங்கள் ஓடிவிடும்.

இந்த முறைக்கு முழு வடிவம் தந்தவர் என்று நான் நினைப்பது ஹென்றி ஜாஃபே. நியூயார்க்கில் எலும்பு மூட்டு நோய்களுக்கான மருத்துவமனையின் பேதாலஜிஸ்ட். எலும்பைப் பொறுத்தவரை எக்ஸ்ரேதான் நோயின் வெளித்தோற்றம், அதைப் பார்க்காமல் ஸ்லைடைப் பார்ப்பது முகம் பார்க்காமல் ரேகை பார்ப்பது போல என்ற நிலையிலிருந்து அவர் வேலை செய்தார். 1935-இல் அவர் விவரித்த ‘ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா’ என்ற சிறு கட்டியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டு துறைகள் கைகோக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

பெரும்பாலும் வளரும் வயதுப் பையன்களுக்கு வரும். தொடையிலோ கீழ்க்காலிலோ வலி. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி. ஆஸ்பிரின் போட்டால் ஆச்சரியமாக அடங்கும். கட்டியின் உண்மையான கரு ஒன்றரை சென்டிமீட்டர்கூட இருக்காது. ஆனால் அதைச் சுற்றி எலும்பு எதிர்வினையாகத் தடித்துப் படத்தில் வெள்ளையாகப் பளிச்சிடும். அறுவை மருத்துவர் கண்ணில் படுவது அந்தத் தடித்த எலும்பு. அதை வெட்டி அனுப்பினால் பேதாலஜிஸ்ட் நேர்மையாக எழுதுவார்: தடித்த, இயல்பான எலும்பு, கட்டி எதுவும் இல்லை. ரிப்போர்ட் சரி. ஆபரேஷனும் நடந்துவிட்டது. பையனின் வலி மட்டும் அப்படியே இருக்கும். கரு உள்ளேயே தங்கிவிட்டது.

இதற்கு வழி, வெட்டி எடுத்த எலும்புத் துண்டையே ஒரு எக்ஸ்ரே எடுப்பது. கரு துண்டுக்குள் வந்துவிட்டதா என்று நோயாளி மேசையில் இருக்கும்போதே பார்த்துவிடலாம். வந்திருந்தால், துண்டின் எந்த இடத்தை அறுத்து ஸ்லைடு போட வேண்டும் என்று அந்தப் படமே பேதாலஜிஸ்டுக்குக் காட்டும். எலும்பைச் சாதாரணத் திசுபோல உடனே சீவ முடியாது. முதலில் ஃபார்மலினில் ஊற வேண்டும். பிறகு அமிலத்தில் நாள்கணக்கில் கிடந்து சுண்ணாம்பு கரைய வேண்டும். அதன் பிறகே மெழுகில் பதித்து, மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு கனத்துக்குச் சீவல் எடுக்க முடியும். எலும்பு பயாப்ஸி ரிப்போர்ட் தாமதமாவதற்கு இது ஒரு காரணம். இவ்வளவு பாடுபட்டுத் தவறான இடத்தைச் சீவினால் அத்தனையும் வீண். மார்பகத்திலும் இதே உத்தி பின்னால் வந்தது. மேமோகிராமில் மட்டும் தெரியும் சுண்ணாம்புப் புள்ளிகளை அகற்றும்போது, எடுத்த சதையைப் படம்பிடித்துப் புள்ளிகள் அதில் இருக்கின்றனவா என்று உறுதி செய்த பிறகே பாட்டிலை மூடுகிறார்கள். சாலமன் செய்ததும் இதுதான். அவர் ஆராய்ச்சிக்குச் செய்தார், இவர்கள் ஒருத்திக்காகச் செய்கிறார்கள்.

எதிர்ப் பக்கத்திலிருந்தும் ஓர் எச்சரிக்கை வந்தது. அடிபட்ட தசைக்குள் சில சமயம் எலும்பு உருவாகும். தீங்கற்றது; தானே முற்றி அடங்கும். ஆனால் அதன் நடுப்பகுதியிலிருந்து சதை எடுத்துப் பார்த்தால் செல்கள் வெறி பிடித்தாற்போலப் பெருகிக்கொண்டிருக்கும், எலும்புப் புற்றைப் போலவே. நடுவில் இளசு, ஓரத்தில் முற்றிய எலும்பு என்ற அடுக்கை லாரன் அக்கர்மன் 1958-இல் தெளிவாக விளக்கினார். அந்த அடுக்கு எக்ஸ்ரேயில் வளையமாகத் தெரியும். படம் பார்க்காத பேதாலஜிஸ்ட் இங்கே புற்று என்று எழுதினால், ஒரு கால் போகும்.

இதுவரை படமும் திசுவும் சந்தித்தது கத்தி வைத்த பிறகு. ஊசி வந்ததும் வரிசை மாறியது. யூயிங் பணியாற்றிய நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையிலேயே, ஹேய்ஸ் மார்ட்டின் என்ற அறுவை மருத்துவரும் எட்வர்ட் எல்லிஸ் என்ற லேப் டெக்னீஷியனும் கட்டிக்குள் ஊசியைச் செலுத்தி உறிஞ்சி, வந்த துளியைக் கண்ணாடியில் தடவிச் சாயமிட்டுப் பார்த்து, 1930-இல் கட்டுரை எழுதினார்கள். ஒரு டெக்னீஷியனின் பெயரும் மருத்துவரின் பெயரோடு சேர்ந்து ஆசிரியராக நின்ற கட்டுரை அது. அமெரிக்காவில் அந்த முறைக்குத் தயக்கம் இருந்தது. அந்த முறை பரவியது பின்னால், ஸ்வீடன் வழியாக. இன்று நம் ஊரில் எஃப்.என்.ஏ.சி. என்று எழுதிக் கொடுப்பதும், வீட்டில் ‘ஊசி போட்டு எடுத்து டெஸ்ட் பண்ணினாங்க’ என்று சொல்வதும் இதைத்தான். கழுத்துக் கட்டிக்கும் மார்புக் கட்டிக்கும் விரலால் தடவி ஊசி செலுத்தலாம். நுரையீரலின் உள்ளே, கணையத்தின் பின்னே, முதுகெலும்பின் முன்னே இருப்பதை எந்த விரல் தடவும்?

இங்கேதான் திருச்சி வருகிறது. சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் பக்கத்திலேயே புனித வளனார் கல்லூரி. 1942-இல் அங்கே இயற்பியல் ஹானர்ஸ் முடித்தவர் ஜி.என். ராமச்சந்திரன். பெங்களூரில் சி.வி. ராமனிடம் ஆய்வு செய்தார்; 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார்; கொலாஜன் புரதத்தின் மூவிழை வடிவத்தைக் கண்டு உலகப் புகழ் பெற்றார். அவரும் ஏ.வி. லட்சுமிநாராயணனும் 1971-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்று வெளியிட்டார்கள். பல கோணங்களில் எடுத்த நிழல் படங்களிலிருந்து ஒரு பொருளின் உள்ளமைப்பை மீட்டெடுக்க, அதுவரை கையாண்ட சுற்றுவழிக் கணக்கைத் தவிர்த்து நேரான ஒரு கணக்கு. குறைந்த நேரம், கூடுதல் தெளிவு. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று ஹவுன்ஸ்ஃபீல்டின் கருவி லண்டனில் முதல் நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. அந்த முதல் கருவி வேறு கணக்கில்தான் ஓடியது. பின்னால் வந்த சி.டி. ஸ்கேன்களின் கணக்கில் ‘ராம்-லாக்’ வடிகட்டி, இருவர் பெயரின் முதல் பாதிகளோடு, பாடப்புத்தகச் சொல்லாக நிலைத்துவிட்டது.

அந்தக் கட்டுரையின் தலைப்பை முதலில் பார்த்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது. எக்ஸ்ரே படங்களிலிருந்தும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களிலிருந்தும் முப்பரிமாணத்தை மீட்பது என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது அது. மருத்துவமனையில் இரண்டு கட்டடங்களில் பிரிந்து நின்ற பார்வைகள், வளனார் கல்லூரியில் படித்தவரின் கணக்கில் ஒரே வேலையாக இருந்தன.

சி.டி. வந்த பிறகு ஊசிக்குக் கண் கிடைத்தது. 1976-இல் க்ளீவ்லாண்டில் ஹாகாவும் ஆல்ஃபிடியும் சி.டி. பார்த்துக்கொண்டே ஊசி செலுத்தித் திசு எடுக்கும் முறையை வெளியிட்டார்கள். அல்ட்ராசவுண்ட் வழியிலும் அது வளர்ந்தது. இப்போது திசுவை எடுப்பவரே பல இடங்களில் ரேடியாலஜிஸ்ட். படம் காட்டிய இடத்திலிருந்து அவர் எடுக்கிறார், பேதாலஜிஸ்ட் பார்க்கிறார், விடை மீண்டும் படத்தை எடுத்தவரிடம் வருகிறது. அங்கே அவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: நான் படத்தில் கண்டதற்கும் ஸ்லைடு சொல்வதற்கும் பொருந்துகிறதா? அமெரிக்கக் கதிரியக்கக் கல்லூரி 1993-இல் மார்பகப் படங்களுக்கு ‘பைராட்ஸ்’ என்ற படிநிலை எண்களைக் கொண்டுவந்த பிறகு இந்தக் கேள்வியைக் கறாராகக் கேட்க முடிந்தது. 5 என்று எண் போட்ட கட்டி, புற்றாக இருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் வாய்ப்புள்ளது. அதிலிருந்து எடுத்த ஊசித் திசு ‘சாதாரண வீக்கம்’ என்று வந்தால் மகிழ்ச்சி அடைய இடமில்லை. ஊசி இடம் தவறியிருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு மறுபடி எடுக்க வேண்டும்.

நம் மக்கள் இதை ஒன்று மட்டுமாவது தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ‘சதை டெஸ்ட்டில் ஒண்ணும் இல்லன்னு வந்துடுச்சு’ என்று கேட்டதும் குடும்பமே மூச்சு விடுகிறது; தேங்காய் உடைக்கிறார்கள்; அடுத்த தேதிக்குப் போவதில்லை. எடுத்த சதையில் இல்லை என்றுதான் அந்தத் தாள் சொல்கிறது. உடம்பில் இல்லை என்று சொல்ல அதற்கு அதிகாரம் கிடையாது. படம் என்ன சொன்னது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஒருவர்தான் அதைச் சொல்ல முடியும்.

தமிழ்நாட்டில் இது அன்றாடம் சோதனைக்கு வரும் இடம் நுரையீரல். எக்ஸ்ரேயில் மேல்மடலில் ஒரு நிழல். காசநோய் மிகுந்த நாட்டில் முதலில் டி.பி. என்று நினைப்பது நியாயமே. சளியில் கிருமி தெரிந்தால் பிரச்சினை இல்லை. தெரியாமல், படத்தை மட்டும் வைத்து மாத்திரை தொடங்கி, நிழல் குறையாமல் மாதங்கள் ஓடிய பிறகு அது புற்று என்று தெரியவருவது இந்திய மருத்துவர்கள் நன்கறிந்த துயரம். மறுதலையும் உண்டு: முதுகெலும்பு அரித்திருப்பதைப் பார்த்துப் புற்று பரவிவிட்டது என்று வீடே இடிந்து உட்கார்ந்திருக்கும், ஊசித் திசுவில் டி.பி. என்று வரும். மருந்தில் குணமாகிற நோய். அந்த ஒரு சொல்லுக்காகப் படம் எடுத்தவரும் திசு பார்த்தவரும் பேசிக்கொள்வது எவ்வளவு பெரிய காரியம்!

திருச்சியில் இதற்கு வேண்டிய உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன. கி.ஆ.பெ. விசுவநாதம் பெயரில் அரசு மருத்துவக் கல்லூரி 1997-இல் தொடங்கியது. மருத்துவக் கல்லூரி என்றால் நோய்க்குறியியல் துறையும் கதிரியக்கத் துறையும் இருந்தே ஆக வேண்டும். புத்தூர், தில்லை நகர்ப் பக்கம் தெருவுக்குத் தெரு ஸ்கேன் சென்டரும் லேபும். ஆனால் ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி வரும் ஒரு பெரியவருக்கு ஸ்கேன் ஓரிடத்தில், பயாப்ஸி இன்னோரிடத்தில், ஸ்லைடு படிப்பது மூன்றாமிடத்தில் நடக்கலாம். மூன்றையும் இணைக்கிற ஆள், கட்டைப்பையில் கவரை வைத்துக்கொண்டு ஆட்டோவில் அலையும் மருமகளோ, பேரனோ. உள்ளூரில் யாரும் இல்லாத வீடுகளில் அந்தப் பெரியவரேதான். பிலிமை ட்யூப்லைட்டுக்கு நேராகப் பிடித்துச் செல்போனில் படமெடுத்து, வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். மகனின் தவிப்பு புரிகிறது. ஆனால் சி.டி.யில் நூற்றுக்கணக்கான சீவல்கள் இருக்கும். பிலிமில் அச்சானது அதில் சில மட்டும். இரண்டாவது கருத்துக்கு அனுப்ப வேண்டியது குறுந்தட்டில் பதிந்த முழுப் பதிவு. அதுபோல, அடையாறு, வேலூர்ப் பெரிய மருத்துவமனைகளுக்குப் போகிறவர்கள் ரிப்போர்ட் தாளோடு போனால் போதாது. மெழுகு ‘பிளாக்’கையும் ஸ்லைடையும் லேபில் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொண்டு போக வேண்டும். கேட்டால் கொடுப்பார்கள், அது நோயாளியின் திசு.

பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் ‘ட்யூமர் போர்டு’ என்று வாரந்தோறும் கூடுகிறார்கள். அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், மருந்து சிகிச்சை தருபவர், ரேடியாலஜிஸ்ட், பேதாலஜிஸ்ட் எல்லோரும் ஒரே அறையில். ஒரு திரையில் ஸ்கேன் ஓடும், இன்னொரு திரையில் ஸ்லைடு. காட்மனின் பதிவேடு கடிதத்தில் செய்ததை இவர்கள் நேரில் செய்கிறார்கள். அந்த வசதி இல்லாத சிறிய ஆஸ்பத்திரிக்கும் ஒரு வழி இருக்கிறது, காசு செலவில்லாத வழி. பயாப்ஸி பாட்டிலோடு போகும் படிவம். பெரும்பாலான படிவங்களில் வயது, எந்த இடம், எத்தனை நாளாக, ஸ்கேனில் என்ன தெரிந்தது, முன்பு ஏதாவது சிகிச்சை நடந்ததா என்று கட்டங்கள் இருக்கும். அவசரத்தில் பெயரும் எண்ணும் மட்டும் நிரப்பி, ‘எலும்பு பயாப்ஸி’ என்று இரண்டு சொல் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். விரல் எலும்பா, இடுப்பெலும்பா? பேதாலஜிஸ்ட் போன் செய்து கேட்கலாம். கேட்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு என் வணக்கம். ஆனால் மாலை ஆறு மணிக்கு நாற்பது ஸ்லைடுகளுக்கு நடுவே எல்லோருக்கும் அது முடிவதில்லை. திசு எடுத்த மருத்துவர் ஆபரேஷன் தியேட்டரை விட்டு நகர்வதற்கு முன்பே ஸ்கேன் ரிப்போர்ட்டின் கடைசி இரண்டு வரியை அந்தக் கட்டத்தில் எழுதி, எக்ஸ்ரேயின் நகல் ஒன்றையும் பாட்டிலோடு அனுப்ப வேண்டும். அவர் மறந்தால், ‘டாக்டர், பழைய படத்தையும் லேபுக்குக் கொடுக்கணுமா?’ என்று நோயாளியின் வீட்டார் தயங்காமல் கேட்கலாம்.